அம்மா விரலை ஏத்துக்காத போனும் ஏத்துக்கிட்ட போனும்: ரங்கூன்ல இருந்து ஒரு ரிவ்யூ

எங்க அம்மா ரங்கூன் டவுன்ல முப்பது வருசமா வெத்தலைக் கடை வச்சிருக்காங்க. கடைன்னா பெருசா எதுவும் இல்ல, ஒரு மரப்பெட்டி, மேல ஒரு குடை, வெத்தலை நனைச்சு வைக்க ஒரு வாளி, சுண்ணாம்பு கிண்ணம், பாக்கு, அவ்வளவுதான். பிரஷ்ஷால சுண்ணாம்பு தடவுறவங்க உண்டு, ஆனா அம்மா வலது கை ஆள்காட்டி விரலாலதான் தடவுவாங்க, அதுலதான் அளவு சரியா வரும்னு சொல்லுவாங்க. இந்த விரலைப் பத்திதான் இந்த ரிவ்யூ. போன் ரிவ்யூன்னு வந்தா கேமரா எத்தனை மெகாபிக்சல், கேம் ஆடுனா சூடாகுதான்னுதான் எல்லாரும் போடுறாங்க, ஃபிங்கர்பிரிண்ட்டுக்கு "ஃபாஸ்ட்டா வேலை செய்யுது"ன்னு ஒரே வரி. யாரோட விரலுக்கு ஃபாஸ்ட்டுன்னு ஒருத்தரும் கேக்கல. ஒரு வருசமா எங்க வீட்டுல இதுக்கு அவ்வளவு பாடு பட்டுட்டோம், அதனால நான் கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

முதல்ல ஏன் இது இவ்வளவு முக்கியம்னு சொல்லிடுறேன். ஒரு காலத்துல இங்க சிம் கார்டு வாங்கணும்னா லட்சக்கணக்குல கியாட் (எங்க ஊர் பணம்) வேணும், 2014ல டெலினார், ஊரிடூன்னு ரெண்டு வெளிநாட்டு போன் கம்பெனிங்க வந்து 1500 கியாட்டுக்கு சிம் விக்க ஆரம்பிச்சதுக்கு அப்பறம்தான் எங்கள மாதிரி வீட்டுல ஆளுக்கொரு போன் வந்துச்சு. அப்பயும் அது பேசுறதுக்கும் ஃபேஸ்புக் பாக்குறதுக்கும்தான். 2021க்கு அப்பறம் பேங்க்ல ரொக்கம் எடுக்குறதே பெரும்பாடா ஆனப்ப எல்லாரும் வாலட்டுக்கு (போன்லயே காசு வாங்கி அனுப்புற ஆப்) மாறிட்டாங்க, இப்ப ஒரு பொட்டலம் வெத்தலை வாங்குற ஆளு கூட க்யூஆர் எங்கன்னு கேக்குறாரு. ஆக அம்மாவோட கல்லாப்பெட்டியே போனுக்குள்ள போயிருச்சு. காலையில ஆறு மணிக்கு டாக்ஸிக்காரங்க, துறைமுகத்துக்குப் போறவங்கன்னு வரிசையா நிப்பாங்க, ஒவ்வொருத்தரும் காசு அனுப்பிட்டேன்னு அவங்க போனைக் காட்டுவாங்க, அதை நம்பி சரக்கு குடுக்க முடியாது, பொய் ஸ்கிரீன்ஷாட் காட்டுற ஆளுங்க இருக்காங்க. நம்ம போனைத் திறந்து பாக்கணும். ஒரு காலையில எப்படியும் எண்பது தொண்ணூறு தடவை போனைத் திறப்பாங்க, அதுவும் ஈரக் கையோட, சுண்ணாம்புக் கையோட.

நான் முதல்ல வாங்கிக் குடுத்த போன்ல சென்சார் ஸ்கிரீனுக்கு அடியில. கம்பெனி பேரை எழுதப் போறதில்ல, ஏன்னா இதே மாதிரி சென்சாரை நிறைய கம்பெனி போடுறாங்க, ஒருத்தரை மட்டும் சொல்றது நியாயமில்ல. நான் என் விரலை வச்சுப் பாத்தப்ப பட்டு பட்டுன்னு திறந்துச்சு, சந்தோசமா அம்மா கையில குடுத்தேன். அம்மா விரலைப் பதியிறதுக்கே இருபது நிமிசம் ஆச்சு. விரலைத் தூக்குங்க, மறுபடி வைங்க, இன்னும் அழுத்துங்கன்னு அது சொல்லிக்கிட்டே இருக்கு, கோடு பாதி நிரம்பி அப்படியே நிக்குது. எப்படியோ பதிஞ்சு முடிச்சோம். மறுநாள் கடையில அஞ்சு தடவை வச்சா ஒரு தடவை திறக்குது. அஞ்சு தடவை தப்பாச்சுன்னா முப்பது செகண்ட் பொறுன்னு சொல்லும், இல்லன்னா பின் நம்பர் போடச் சொல்லும், வரிசையில நிக்கிற ஆளு வண்டியை ஆஃப் பண்ணாம நின்னுக்கிட்டிருப்பாரு. மூணு நாள் கழிச்சு அம்மா என்கிட்ட சொன்னாங்க, "ஏன்ப்பா, என் கையில ரேகையே இல்லையாம்ல, பக்கத்துக் கடைப் பையன் சொல்றான், இது எனக்கு வேணாம், நீயே வச்சுக்க." அதை அவங்க சொன்ன விதம் எனக்கு இன்னும் மனசுல நிக்குது. எங்க அப்பத்தா காலத்துல எழுதப் படிக்கத் தெரியாதவங்களை கைநாட்டுன்னு இளக்காரமா பேசுவாங்க, இப்ப கைநாட்டே பெரிய டெக்னாலஜியா வந்திருக்கு, அதுலயும் எங்க வீட்டுப் பொம்பளைய வெளிய நிறுத்துறான்னு ஆத்திரமா வந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி அம்மா விரலை டார்ச் அடிச்சு பாத்தேன். கட்டை விரல்ல ரேகை தெரியுது, ஆனா மேலோட்டமா, குறுக்க குறுக்க வெள்ளையா வெடிப்பு. ஆள்காட்டி விரல் நுனி பளபளன்னு இருக்கு, கண்ணாடிக் குப்பி மாதிரி. சுண்ணாம்பு காரம், வருசக்கணக்கா தோலைத் தின்னுருக்கு. கொத்தனார், துணி துவைக்கிறவங்க, சிமெண்ட் மூட்டை தூக்குறவங்க எல்லாருக்கும் இதே கதிதான். ரேகை ஒரேயடியா அழியிறதில்ல, அந்த வேலையை விட்டா தோல் புதுசா வளரும்போது அதே ரேகைதான் திரும்ப வரும், ஆனா வேலையை விட முடியாதே.

அதுக்கப்பறம் உக்காந்து இந்த சென்சாரெல்லாம் எப்படி வேலை செய்யுதுன்னு படிச்சேன். மூணு வகை இருக்கு. ஒண்ணு பழைய வகை, கெபாசிட்டிவ், பவர் பட்டன்லயோ போன் முதுகுலயோ இருக்கும். நம்ம தோல் கரண்டைக் கடத்தும்ல, ரேகையோட மேடு சென்சாரைத் தொடும், பள்ளம் தொடாது, அந்த வித்தியாசத்தை வச்சு அது படம் போட்டுக்கும். தண்ணி இருந்தா பள்ளமெல்லாம் நிரம்பி எல்லாம் ஒரே மாதிரி ஆயிடும், அதான் ஈரக் கைக்கு அது மக்கர் பண்ணுது. ரெண்டாவது ஆப்டிகல், ஸ்கிரீனுக்கு அடியில ஒரு குட்டி கேமரா, ஸ்கிரீன் அந்த இடத்துல மட்டும் பளிச்சுன்னு எரிஞ்சு விரலைப் படம் எடுக்கும். வறண்ட தோலு, வெடிச்ச தோலுன்னா கண்ணாடியில சரியா ஒட்டாது, படம் மங்கலா விழும். அம்மா விரலுக்கு இதைப் போய் வாங்கிக் குடுத்தேன் பாருங்க. மூணாவது அல்ட்ராசோனிக், சத்தத்தை அனுப்பி அது திரும்பி வர்றதை வச்சு மேடு பள்ளத்தை அளக்குது, கொஞ்சம் ஈரமா இருந்தாலும் தாங்கும், ஆனா விலை கூடுன போன்லதான் வருது, எங்க பட்ஜெட்டுக்கு அது ஆகாது. அதுக்கும் ஒரு கதை இருக்கு, 2019ல சாம்சங் கேலக்ஸி எஸ்10 வந்தப்ப சிலிக்கான் கவர் ஒண்ணை ஸ்கிரீன் மேல போட்டா யாரு விரல் வச்சாலும் திறக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க, சாம்சங் அதை ஒத்துக்கிட்டு அப்டேட் விட்டு சரி பண்ணாங்க. அதனால ரோட்டோரம் விக்கிற ஸ்கிரீன் கார்டை எடுத்து ஒட்டும்போது பாத்து ஒட்டுங்க, ஸ்கிரீனுக்கு அடியில சென்சார் இருக்குற எந்தப் போனா இருந்தாலும் கார்டு ஒட்டுனதுக்கு அப்பறம் பழைய ரேகையை அழிச்சுட்டு புதுசா பதியணும்.

சரி விரல் ஒத்துவரல, முகத்தை வச்சுப் பாப்போம்னு அதே போன்ல ஃபேஸ் அன்லாக் போட்டு விட்டேன். ரெண்டு நாள் நல்லா இருந்துச்சு. அம்மாவுக்கும் பிடிச்சிருந்துச்சு, கையே வைக்க வேணாம், பாத்தா திறக்குது. ஆனா அம்மா காலையில தனக்கா (மரப்பட்டையை அரைச்சு எடுக்குற சந்தனம் மாதிரி பூச்சு) பூசுவாங்க, இந்த ஊர்ல பொறந்த பொம்பளைங்க எல்லாரையும் போல கன்னத்துல ரெண்டு பக்கமும் வட்டமா. மெல்லிசா பூசுன அன்னைக்குத் திறந்துச்சு, வெயில் காலத்துல நெத்தி மூக்கெல்லாம் தடிமனா பூசுன அன்னைக்கு யாரோன்னு நெனைச்சுக்கிச்சு. அதை விடப் பெரிய பிரச்சனை கரண்ட். இங்க கரண்ட் போறதை மீ பியெட்னு சொல்லுவோம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லுவோம்னு கணக்கே கிடையாது. இருட்டுல இந்த வகை போனுக்கு முகம் தெரியாது, சாதாரண செல்ஃபி கேமராதான அது, அதுக்கு வெளிச்சம் வேணும். சாயந்தரம் ஏழு மணிக்கு மெழுகுவர்த்தி பக்கத்துல மூஞ்சியக் கொண்டு போய் காட்டிக்கிட்டு இருந்தாங்க அம்மா.

அப்பறம் ஒரு நாள் நடந்ததுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எங்க அண்ணன் மகன், பத்து வயசு, எங்க அம்மா போன்ல கேம் ஆடணும்னு அவன் அப்பா போன்ல இருந்த எங்க அம்மா போட்டோவை எடுத்து இந்தப் போனுக்கு முன்னாடி காட்டியிருக்கான். திறந்துருச்சு. தைப்பூசத்துக்கு அனவ்ரத்தா ரோடு காளி கோயில் வாசல்ல நின்னு எடுத்த போட்டோ அது, ஃபேஸ்புக்ல கூட போட்டிருக்கோம். பையனைத் திட்டத் தோணல எனக்கு, அவன் விளையாட்டா ஒரு பெரிய ஓட்டையைக் காட்டிக் குடுத்துட்டான். நான் கையோட ஃபேஸ் அன்லாக்கை ஆஃப் பண்ணேன்.

இது எங்க போன்ல மட்டும் இருக்குற குறை இல்ல. 2019ல நெதர்லாந்து நுகர்வோர் சங்கம் 110 போனை டெஸ்ட் பண்ணி 42 போன் வெறும் போட்டோவுக்கே திறந்துச்சுன்னு சொன்னாங்க. நாலு வருசம் கழிச்சு 2023ல பிரிட்டன்ல விச்னு ஒரு நுகர்வோர் அமைப்பு 48 போனைப் பாத்தாங்க, அதுல 19 போன் போட்டோவுக்குத் திறந்துச்சு. அதாவது நாலு வருசத்துல பெருசா எதுவும் மாறல. செட் பண்ணும்போதே போன் சொல்லுது, உங்க மாதிரி முகம் உள்ளவங்க திறக்கலாம், இது பின் நம்பரை விடப் பாதுகாப்பு கம்மின்னு, நாமதான் அதை வாசிக்காம ஓகே ஓகேன்னு அமுக்குறோம். ஆண்ட்ராய்டுல கூகுள் இதுக்கு மூணு கிளாஸ் வச்சிருக்கான், போலியை எந்தளவுக்கு ஏத்துக்குதுன்னு டெஸ்ட் பண்ணி, நூத்துக்கு 7க்கு மேல ஏமாறாததுதான் கிளாஸ் 3, 20 வரைக்கும் போனா கிளாஸ் 2, அதுக்கும் மேல ஏமாந்தா கிளாஸ் 1. கிளாஸ் 1 போனைத் திறக்க மட்டும்தான், ஆப்புங்களுக்கு அதைக் குடுக்க மாட்டான். பேங்க் ஆப், வாலட் ஆப் சில போன்ல விரலை மட்டும் கேட்டு முகத்தை ஏன் கேக்க மாட்டேங்குதுன்னு பல பேர் யோசிச்சிருப்பீங்க, காரணம் இதுதான். அதனால ஒரு போனை வாங்கும்போது வாலட் ஆப்ப இன்ஸ்டால் பண்ணிப் பாருங்க, அது முகத்தை ஏத்துக்கலன்னா அந்த முகப்பூட்டை நீங்களும் நம்பாதீங்க.

தங்கச்சிகிட்ட ஐபோன் 13 இருக்கு, சிங்கப்பூர்ல வேலை பாக்குற அவ வீட்டுக்காரர் அனுப்புனது. அந்த ஃபேஸ் ஐடி வேற ரகம், அதையும் இதையும் ஒரே பேர்ல சொல்றதே தப்புன்னு நெனைக்கிறேன். மேல உள்ள அந்தக் கறுப்புப் பட்டையில இருந்து கண்ணுக்குத் தெரியாத 30,000க்கும் மேல இன்ஃப்ராரெட் புள்ளியை முகத்து மேல அடிச்சு, மூக்கு எவ்வளவு தூக்கலா இருக்கு கண்ணு எவ்வளவு உள்ள இருக்குன்னு ஆழத்தை அளக்குது. போட்டோவுல ஆழம் இல்ல, அதான் போட்டோவுக்கு மசியாது. வெளிச்சமும் வேணாம், அதுவே வெளிச்சம் அடிச்சுக்குது. மீ பியெட்டான நேரத்துல மொட்டை மாடியில கும்மிருட்டுல தங்கச்சி தனக்கா பூசின முகத்தோட திறந்து காட்டுனா, ஒரு தடவை கூட தப்பல. தெரியாத ஒருத்தர் முகத்துக்கு அது திறக்குற வாய்ப்பு பத்து லட்சத்துல ஒண்ணுன்னு ஆப்பிள் சொல்றான், விரலுக்கு டச் ஐடில 50,000ல ஒண்ணு. ஆனா ரெட்டைப் பிள்ளைங்க, ஒரே சாடையில இருக்குற அண்ணன் தம்பி, 13 வயசுக்கு உள்ள உள்ள பிள்ளைங்க இவங்களுக்கெல்லாம் அந்தக் கணக்கு பொருந்தாதுன்னு அவனே சொல்லியிருக்கான். தங்கச்சி போனை நான் குறை சொல்லவே மாட்டேன், அருமையான சாமான். ஆனா அந்த விலைக்கு அம்மா கடைக்கு ரெண்டு வருசத்துக்கு பாக்கு வாங்கிப் போடலாம், அதுவும் ரோட்டோரக் கடையில ஐபோனை வச்சுக்கிட்டு உக்காந்தா அதுவே தனிக் கவலை.

கடைசியா வாங்குனது சாம்சங் கேலக்ஸி ஏ15. எதுக்குன்னா இதுல சென்சார் சைடுல, பவர் பட்டன்லயே, பழைய கெபாசிட்டிவ் வகை. பட்டன் இருக்குற இடம் மட்டும் ஓரத்துல இருந்து லேசா மேடா தூக்கி இருக்கும், தடவுனாலே கைக்குத் தெரியும். இதைக் கம்பெனிக்காரன் அழகுக்கு வச்சானோ என்னவோ, எங்க அம்மாவுக்கு இது பெரிய உபகாரம், குனிஞ்சு பாத்து இடத்தைத் தேட வேணாம், இருட்டுல தடவி அந்த மேட்டுல விரலை வச்சா போதும். முந்தின போன்ல கண்ணாடி மேல எங்க வைக்கணும்னே தெரியாம தடவிக்கிட்டிருந்தாங்க. திறக்குற வேகம்னு பாத்தா, விரல் ஒத்துக்கிட்டா உடனே திறந்துடுது, பட்டனை அமுக்கும்போதே வேலை முடிஞ்சிருக்கும்.

அம்மா விரலுக்கு இது எப்படி ஒத்துக்கிச்சுன்னு விவரமா சொல்றேன், ஏன்னா போன் மாத்துனதுனால மட்டும் ஆகல, பதியிற முறையையும் மாத்துனோம். முதல்ல சுண்ணாம்புக் கையை விட்டுட்டோம். இடது கை மோதிர விரல். அந்த விரல் வேலைக்கே வராது, ரேகை குழந்தை கை மாதிரி அப்படியே இருக்கு. போனை வலது கையில பிடிச்சா சைடு பட்டன்ல வலது கட்டை விரல் வரும், இடது கையில பிடிச்சா விரல்கள் அந்தப் பக்கமா சுத்தி வரும், ஆக இடது கையில போனை எடுத்தா மோதிர விரலோ நடுவிரலோ தானா அந்த மேட்டுல போய் உக்காருது. வலது கை பாட்டுக்கு சுண்ணாம்பு தடவிக்கிட்டே இருக்கலாம். இதை யோசிச்சது நான் இல்ல, அம்மாவேதான், "எந்தக் கை சும்மா இருக்கோ அந்தக் கையக் குடுப்போம்"னாங்க. ரெண்டாவது, அதே விரலை ரெண்டு தடவை பதிஞ்சோம், ஒண்ணு காலையில கை காஞ்சிருக்கும்போது, இன்னொண்ணு மத்தியானம் கடையில வச்சு, வெத்தலைத் தண்ணியில கை ஊறிப் போயிருக்கும்போது லேசா சேலையில தொடச்சுட்டு. தண்ணியில ஊறுன விரல் சுருங்கி வேற மாதிரி ஆயிடும், போனுக்கு அது வேற ஆளு விரல் மாதிரிதான். மூணாவது, பதியும்போது எல்லாரும் விரல் நுனியை நேரா வச்சு வச்சு எடுக்குறாங்க, நிஜத்துல நாம வைக்கிறது சாய்வா, பக்கவாட்டுல. கடையில எப்படிப் பிடிப்பாங்களோ அப்படியே பிடிச்சு பதியணும். ராத்திரி கையில தேங்கா எண்ணெய் தடவிட்டுப் படுக்கச் சொன்னேன், வெடிப்பு குறைஞ்சதுக்கு அப்பறம் இன்னும் நல்லா எடுக்குது, ஆனா எண்ணெய்க் கையோட சென்சாரைத் தொடக் கூடாது, பிசுக்கு படிஞ்சா அதைத் துணியால துடைக்கணும்.

இப்பவும் பத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை மறுபடி வைக்க வேண்டி வருது. மழைக்காலத்துல அதுக்கும் மேல. ஆனா வரிசை நிக்குறதில்ல, அம்மா முகம் சுளிக்கிறதில்ல, எனக்கு அது போதும்.

ஒரு விசயம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். புது விரலைச் சேத்த அன்னைக்கு வாலட் ஆப் விரலை ஏத்துக்காம பாஸ்வேர்டைக் கேட்டுச்சு, நான் ஆப் கெட்டுப் போச்சுன்னு நெனைச்சு ரெண்டு மணி நேரம் அலைஞ்சேன். அது கெட்டுப் போகல. போன்ல புதுசா ஒரு ரேகை சேந்தா, பழைய சாவியைத் தூக்கிப் போட்டுட்டு மறுபடி பாஸ்வேர்டு கேக்குற மாதிரி ஆப்பை எழுத முடியும், அது நம்ம நல்லதுக்குத்தான். ஏன்னா உங்க பின் நம்பர் தெரிஞ்ச யாரும் செட்டிங்க்ஸ்ல போய் அவங்க விரலைச் சேத்துக்க முடியும், போன் தடுக்காது. அப்பப்ப செட்டிங்க்ஸ்ல எத்தனை ரேகை பதிஞ்சிருக்குன்னு எண்ணிப் பாருங்க, நீங்க ரெண்டு பதிஞ்சு அங்க மூணு இருந்தா ஏதோ நடந்திருக்கு.

பின் நம்பர்னு சொன்னதும் இதையும் சொல்லணும். விரல் இருந்தா பின் மறந்துடலாம்னு பல பேர் நெனைக்கிறாங்க, நானும் அம்மாகிட்ட அப்படித்தான் சொன்னேன், தப்பா சொல்லிட்டேன். போன் ஆஃப் ஆகி ஆன் ஆச்சுன்னா முதல் தடவை பின் போட்டே ஆகணும், எந்தப் போனா இருந்தாலும். உள்ள உள்ள டேட்டாவைத் திறக்குற சாவி அந்த நம்பர்லதான் கட்டியிருக்கு, விரல்ல கட்டல. ஆண்ட்ராய்டுல 72 மணி நேரத்துக்கு ஒரு தடவை பின் கேக்கும், ஐபோன்ல 48 மணி நேரம் திறக்காம வச்சிருந்தா கேக்கும். கரண்ட் ஒழுங்கா உள்ள ஊர்ல போன் மாசக்கணக்கா அணையாம இருக்கும், எப்பயாவதுதான் பின் தேவைப்படும். இங்க கரண்ட் இல்லாம பேட்டரி செத்து செத்துப் பொழைக்குது, அணைஞ்சு எழும்போதெல்லாம் பின். அம்மாவுக்கு நம்பர் ஞாபகம் நிக்காது. ஒரு நாள் கடைக்குப் போய் பாக்குறேன், வெத்தலைப் பெட்டி மூடியோட உள்பக்கம் சுண்ணாம்பாலயே நாலு நம்பர் எழுதி வச்சிருக்காங்க, கொட்டை எழுத்துல. பெட்டியைத் திறந்தா வரிசையில நிக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். வாலட் பாஸ்வேர்டும் அதே நம்பர்தான்னு அப்பறம்தான் சொன்னாங்க. எனக்கு வயிறு கலங்கிடுச்சு. யாரும் எடுக்கல, சாமி புண்ணியம். இப்ப ஆறு நம்பரா மாத்தி, எங்க தாத்தா திவசத் தேதியையும் பழைய வீட்டு நம்பரையும் கலந்து வச்சிருக்கோம் (இதுவும் நிஜம் இல்ல, வேற ஒண்ணு, ஆனா அம்மாவால மறக்கவே முடியாத ஒண்ணு), வாலட்டுக்குத் தனி பாஸ்வேர்டு. வாரத்துக்கு ரெண்டு தடவை நானே வேணும்னே போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணி அவங்க கையாலயே பின் போடச் சொல்றேன், பழகிடுச்சு.

எங்க மாமா ஒருத்தர் பயந்தாரு, இந்தக் கம்பெனிக்காரனெல்லாம் நம்ம ரேகையை எடுத்து எங்கயாவது அனுப்பிடுவானேன்னு. நியாயமான பயம்தான். நல்ல போன்ல ரேகையைப் படமா வைக்கிறதில்ல, அதுல இருந்து கணக்கு மாதிரி ஒரு சுருக்கத்தை எடுத்து சிப்புக்குள்ள பூட்டுன ஒரு தனி அறையில வைக்கிறான், ஆப்புக்குப் போறது ஆமா இல்லன்னு ஒரு பதில்தான், ரேகை போறதில்ல. ஆனா எல்லாரும் ஆரம்பத்துல இருந்தே ஒழுங்கா செஞ்சாங்கன்னு சொல்ல முடியாது. 2015ல ஃபயர்ஐங்கற கம்ப்யூட்டர் பாதுகாப்புக் கம்பெனி ஆளுங்க எச்டிசி ஒன் மேக்ஸ் போனைப் பிரிச்சுப் பாத்தப்ப ரேகை அப்படியே படமா, எந்த ஆப்பும் வாசிக்கிற மாதிரி ஃபைலா கிடந்துச்சு, அப்பறம் சரி பண்ணாங்க. பாஸ்வேர்டு போச்சுன்னா மாத்திக்கலாம், விரலை மாத்த முடியாது. ரேகையைக் காப்பி அடிக்கவும் முடியும், 2013 செப்டம்பர்ல ஐபோன் 5எஸ் விக்க ஆரம்பிச்ச சில நாள்லயே ஜெர்மனியில கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்னு ஒரு ஹேக்கர் குழு ஆளுங்க கண்ணாடியில பதிஞ்ச ரேகையைப் போட்டோ எடுத்து, அச்சுல வார்த்து, டச் ஐடியைத் திறந்து காட்டிட்டாங்க. மறுவருசம் அதே குழுவுல ஒருத்தரு அப்ப அந்த நாட்டு ராணுவ மந்திரியா இருந்த உர்சுலா ஃபொன் டெர் லெயனோட கட்டை விரல் ரேகையை பொது நிகழ்ச்சியில எடுத்த போட்டோவுல இருந்தே எடுத்தேன்னு காட்டுனாரு. வெத்தலைக் கடைக்கு வர்ற திருடன் இவ்வளவு மெனக்கெட மாட்டான்னு மாமாகிட்ட சொன்னேன். நம்ம ஊர்ல போன் போறது பஸ்ல, மார்க்கெட்ல, சூரத்தி பஜார் கூட்டத்துல பிடுங்கிட்டு ஓடுறது. அந்த ஆளுக்கு விரல் பூட்டு நல்ல தடைதான், பூட்டே இல்லாத போனுக்கு இது ஆயிரம் மடங்கு மேல்.

விரல் பூட்டோட பலவீனம் வேற இடத்துல இருக்கு. தூங்கும்போது பிள்ளைங்க விரலைப் பிடிச்சு வச்சாலும் திறக்கும். யாராவது கையைப் பிடிச்சு அழுத்துனாலும் திறக்கும். பின் நம்பர் உங்க மனசுக்குள்ள இருக்கு, விரல் வெளிய இருக்கு. வழியில போனை வாங்கிப் பாக்குற காலம் இது, அதைப் பத்தி நான் அதிகம் எழுத விரும்பல, இங்க உள்ளவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. பின் குடுக்க மாட்டேன்னு நிக்கச் சொல்லியும் நான் யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன், உசுரு பெருசு. ஆனா விரலையும் முகத்தையும் ஒரே நொடியில செயலிழக்க வைக்க வழி இருக்குங்கறது தெரிஞ்சிருக்கணும். ஆண்ட்ராய்டு 9ல இருந்து லாக்டவுன்னு ஒண்ணு இருக்கு, சாம்சங்ல லாக் ஸ்கிரீன் செட்டிங்க்ஸ்ல செக்யூர் லாக் செட்டிங்க்ஸ்க்குள்ள போய் ஷோ லாக்டவுன் ஆப்ஷனை ஆன் பண்ணணும், அப்பறம் பவர் மெனுவுல அது வரும், அமுக்குனா அடுத்து பின் போடுற வரைக்கும் விரல் எடுக்காது. ஐபோன்ல சைடு பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேத்து ரெண்டு செகண்ட் பிடிச்சா போதும். இதெல்லாம் ஞாபகம் வரலன்னா போனை ஆஃப் பண்ணிடுங்க, அதுவே செய்யும். தங்கச்சி பஸ் ஏறும்போது கூட்டமா இருந்தா இதைச் செய்வா.

யாருக்கு எதுன்னு கேட்டா, கையால உழைக்கிறவங்க, ஈரத்துல சுண்ணாம்புல சிமெண்ட்ல நிக்கிறவங்க, சைடு பட்டன் சென்சார் உள்ளதா வாங்குங்க, அதுல உழைக்காத விரலைப் பதியுங்க. காசு இருந்தா ஃபேஸ் ஐடி. ஆபீஸ்ல ஏசியில உக்காந்திருக்குறவங்களுக்கு ஸ்கிரீனுக்கு அடியில உள்ளது தாராளமா போதும். செல்ஃபி கேமராவை வச்சு முகம் பாக்குற பூட்டை வாலட் இருக்குற போன்ல போடவே போடாதீங்க, யாரு என்ன சொன்னாலும் சரி.

எல்லாத்துக்கும் மேல, யாருக்கு போனோ அவங்களைக் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் முதல் தடவை தனியா போய் என் விரலை வச்சுப் பாத்து வாங்கிட்டு வந்ததுதான் எல்லாத் தொல்லைக்கும் ஆரம்பம். ரெண்டாவது தடவை அம்மா வந்தாங்க, கடையை ஒரு மணி நேரம் பக்கத்து அக்காகிட்ட ஒப்படைச்சுட்டு. நான் கேக்காமலே ஒரு சின்ன டப்பாவுல சுண்ணாம்பு எடுத்துட்டு வந்திருந்தாங்க. போன் கடையில நம்ம தமிழ்ப் பையன்தான், டெமோ போனை எடுத்து நீட்டுனான். அம்மா டப்பாவைத் திறந்து வலது விரல்ல சுண்ணாம்பைத் தொட்டு, வழக்கமா கடையில தொடைக்கிற மாதிரி முந்தானையில தொடச்சுட்டு, "தம்பி, இந்தக் கையோடதான்ப்பா நான் நாளு பூரா இருப்பேன், இதை வச்சே பதிஞ்சு காட்டு"ன்னாங்க. வலது விரல் எடுக்கல. அப்பதான் இடது கைக்கு மாறுனாங்க. அந்தப் பையன் பொறுமையா ரெண்டு தடவை பதிஞ்சான், டம்ளர்ல தண்ணி கொண்டாந்து விரலை நனைச்சுட்டு இன்னொரு தடவை வைக்கச் சொன்னான். திறந்துச்சு, மறுபடி பூட்டி மறுபடி வச்சாங்க, திறந்துச்சு, மூணாவது தடவையும் திறந்ததுக்கு அப்பறம்தான் அம்மா இடுப்புல இருந்து சுருக்குப் பையை எடுத்தாங்க.